பச்சோந்திக்கு வெயில் போதுமா, விளக்கு வேண்டுமா?

கேள்வி இதுதான். டொரன்டோவில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கும் ஒரு குடும்பம், ஐந்து மாத வெய்ல்டு பச்சோந்திக் குட்டி ஒன்றை வாங்கியிருக்கிறது. கூண்டு தெற்கு பார்த்த ஜன்னலை ஒட்டி இருக்கிறது. பகல் முழுவதும் வெயில் விழுகிறது. யு.வி.பி. டியூப் லைட் கட்டாயம் வேண்டும் என்கிறார் கடைக்காரர். ஊரிலிருந்து தொலைபேசியில் பேசும் அப்பாவோ, "வெயிலில் வாழ்கிற பிராணிக்கு விளக்கு எதற்கு? பால்கனியில் வை" என்கிறார். யார் சொல்வது சரி? வெயில் காட்டிய நாளில் விளக்கை அணைத்துவிடலாமா? கால்சியம் பொடியை நிறுத்திவிடலாமா?

மற்றதையெல்லாம் படிப்பதற்கு முன் ஒன்றைச் செய்யுங்கள். ஜன்னல் வழியாக வரும் வெயிலைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். சாதாரண ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தை விடும், வெப்பத்தை விடும். புற ஊதா பி கதிரை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும். அந்தக் கதிரைத்தான் சுருக்கமாக யு.வி.பி. என்கிறோம். அலைநீளம் 280 முதல் 315 நானோமீட்டர் வரை. உங்கள் குட்டி அந்த ஜன்னலோரத்தில் சுகமாக வெயில் காய்வதைப் பார்த்து நீங்கள் நிம்மதி அடைந்திருப்பீர்கள். அது காய்வது வெறும் சூட்டில். எலும்புக்குத் தேவையானது அந்தக் கண்ணாடியைத் தாண்டி வரவே இல்லை. விளக்கு இல்லாமல் குட்டி எத்தனை வாரம் இருந்திருந்தாலும், இன்றே ஒரு குழல்விளக்கு வாங்கிப் பொருத்துங்கள். மீதியை நிதானமாகப் பேசலாம்.

இந்தக் கதிர் ஏன் இவ்வளவு முக்கியம்? பச்சோந்தியின் தோலில் கொழுப்பு வகையைச் சேர்ந்த ஒரு மூலப்பொருள் இருக்கிறது. யு.வி.பி. பட்டதும் அது வைட்டமின் டி3-இன் முந்தைய வடிவமாக மாறுகிறது. பிறகு உடல் சூட்டில் அது டி3 ஆகிறது. இந்த இரண்டாம் படிக்கு வெப்பம் வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கூண்டின் ஒரு மூலையில் யு.வி.பி. விளக்கும் எதிர் மூலையில் வெப்ப பல்பும் இருந்தால், கதிர் படும்போது உடம்பில் சூடில்லை, சூடேறும்போது கதிர் இல்லை. இரண்டும் ஒரே கிளையின் மேல் விழ வேண்டும். டி3 அதன் பின் ஈரலிலும் சிறுநீரகத்திலும் பதப்பட்டு, குடலில் இருந்து கால்சியத்தை உறிஞ்ச உதவுகிறது. நாம் தரும் கிரிக்கெட் பூச்சிகளில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. டி3-உம் இல்லாமல் போனால், உடல் தன் எலும்பையே கரைத்து ரத்தத்துக்குக் கால்சியம் கொடுக்கும். இரண்டு மூன்று மாதங்களில் வேகமாக வளரும் குட்டியிடம் அது தெரிய ஆரம்பிக்கும்.

இப்போது அப்பாவின் வாதத்துக்கு வருகிறேன். அவர் சொல்வதில் உண்மை நிறைய இருக்கிறது. சூரியனுக்கு இணையான விளக்கை இன்றுவரை யாரும் செய்ததில்லை. நண்பகல் வெயிலின் பிரகாசம் ஒரு லட்சம் லக்ஸ். வீட்டுக்குள் நன்றாக ஒளியூட்டிய கூண்டில் அதன் சிறு பகுதிதான் கிடைக்கும். பச்சோந்தியின் கண் நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியையும் நிறமாகவே பார்க்கிறது. மடகாஸ்கரின் காலும்மா இனப் பச்சோந்திகளின் முகத்து எலும்புப் புடைப்புகள் புற ஊதா ஒளியில் நீல நிறமாக ஒளிர்வதை 2018-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். அப்படிப்பட்ட ஒரு கண்ணுக்கு, ஒரு குழல்விளக்கு தரும் உலகம் பாதி நிறங்கள் விடுபட்ட உலகமாகத்தான் இருக்கும். வெளியே எடுத்துச் சென்ற பச்சோந்தியின் நிறம் சில நிமிடங்களில் மாறுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் அப்பா மனத்தில் வைத்திருப்பது ஊர் வெயில். டொரன்டோ வடக்கே 43.7 பாகையில் இருக்கிறது. குளிர்காலத்தில் சூரியன் தாழ்வாக நகர்வதால், கதிர் வளிமண்டலத்தைச் சாய்வாகக் கடந்து நீண்ட தூரம் வர வேண்டியிருக்கிறது. வழியில் ஓசோன் யு.வி.பி.யை உறிஞ்சிவிடுகிறது. இதை மனிதத் தோலில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1988-இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வு ஒன்றில், 42 பாகையில் இருக்கும் பாஸ்டன் நகரில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயிலில் வைத்த தோலில் டி3-இன் முந்தைய வடிவம் உருவாகவே இல்லை. டொரன்டோ அதற்கும் சற்று வடக்கே. எனவே ஜனவரியில் வானம் நீலமாக இருக்கலாம், கண் கூசலாம். பச்சோந்திக்கு அந்த வெயில் பயன்படாது. குளிரில் அதை வெளியே எடுக்கவும் முடியாது. மே பிற்பகுதி முதல் செப்டம்பர் வரைதான் உங்களுக்கு வெயில் என்று ஒன்று உண்டு, அதிலும் மழை நாள், காற்று நாள், நீங்கள் வேலைக்குப் போகும் நாள் எல்லாம் கழித்துப் பாருங்கள். அஸ்திவாரம் விளக்குதான். வெயில் கிடைக்கும்போது கிடைக்கிற பெரும் வரம்.

இந்த இரண்டுக்கும் பொதுவான அளவுகோல் ஒன்று இருக்கிறது: புற ஊதாக் குறியீடு. வானிலை அறிக்கையில் தினமும் பார்க்கிறீர்களே, அதேதான். அதை 1992-இல் உருவாக்கியவர்கள் கனடா நாட்டு விஞ்ஞானிகள். மனிதத் தோல் எவ்வளவு சீக்கிரம் சிவக்கும் என்று சொல்ல வந்த அந்த எண், ஊர்வன வளர்ப்போருக்கும் மிகச் சரியான அளவாக அமைந்துவிட்டது. 2010-இல் கேரி பெர்குசன் குழுவினர் காட்டில் பல்லிகளும் பாம்புகளும் தாமாக எவ்வளவு குறியீட்டில் வந்து நிற்கின்றன என்று அளந்து, நான்கு வகைகளாகப் பிரித்தார்கள். அதற்குப் பிறகுதான் "இந்த விளக்கில் யு.வி.பி. 5 சதவீதம், அந்த விளக்கில் 10 சதவீதம்" என்று பெட்டியைப் பார்த்துப் பேசும் வழக்கம் மெல்ல மாறியது. வெய்ல்டு பச்சோந்திக்கும், வீடுகளில் வளர்க்கும் இன்னொரு இனமான பேந்தர் பச்சோந்திக்கும் காய்கிற கிளையில், அதன் முதுகு இருக்கும் உயரத்தில், குறியீடு 3 இருந்தால் போதும் என்பது இன்று அனுபவசாலிகள் பெரும்பாலும் ஏற்றுக்கொண்ட இலக்கு. கூண்டின் கீழ்ப்பகுதியில் அது பூஜ்யத்துக்கு இறங்க வேண்டும். நடுவில் இலைகள் அடர்ந்திருக்க வேண்டும்.

அந்த இறக்கம் ஏன் அவசியம் என்று சொல்கிறேன், ஏனென்றால் என் பார்வையில் இந்த முழு விவாதத்தின் மையமே அதுதான். பேந்தர் பச்சோந்திகளை வைத்து நடத்தி 2009-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. உணவில் டி3 குறைவாகக் கிடைத்தவை புற ஊதா ஒளியில் கூடுதலாக வந்து நின்றன. அதிகமாகக் கிடைத்தவை ஒதுங்கிக்கொண்டன. தன் உடலில் எவ்வளவு இருக்கிறது என்பதற்கேற்ப அந்தச் சிறு பிராணி தானே அளவைச் சரிசெய்கிறது. எத்தனை நிமிடம், எத்தனை மணி என்று நாம் கடிகாரத்தைப் பார்த்துக் குழம்புகிறோம், அதற்குத் தெரியும். நாம் செய்ய வேண்டியது, போவதற்கு ஓர் இடமும் வருவதற்கு ஓர் இடமும் இருக்கும்படி கூண்டை அமைப்பது. நல்ல விளக்கு வாங்கி, இலையே இல்லாத கூண்டில் நாள் முழுவதும் அதன் கீழ் உட்காரவைத்தால், அந்த அறிவைப் பயன்படுத்த அதற்கு வழியில்லை. மொட்டை வெயிலில் கட்டிப்போட்டதற்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை.

அது காய்வதை ஒரு நாள் காலையில் பக்கத்திலிருந்து பாருங்கள். விளக்கு எரிந்ததும் மெல்ல மேலே ஏறும். உடம்பைப் பக்கவாட்டில் தட்டையாக்கி, அகலமான பக்கத்தை ஒளிக்குக் காட்டும். ஒளி படும் பக்கம் மட்டும் கருத்துப் போகும், மறுபக்கம் பச்சையாகவே இருக்கும். சூடேறியதும் கருமை வெளிறும், உடம்பு மறுபடி உருளும், பிறகு இலைகளுக்குள் இறங்கிவிடும். நாள் முழுக்க மேலேயே உட்கார்ந்திருந்தால் ஏதோ போதவில்லை. மேலே ஏறாமலே இருந்தால் ஏதோ மிகையாக இருக்கிறது. வாயைப் பிளந்து, வெளிறிய நிறத்தில் நின்றால் சூடு தாங்கவில்லை என்று பொருள். உடனே நிழலுக்கு மாற்றுங்கள்.

விளக்கில் எதை வாங்குவது? டி5 எச்ஓ எனப்படும், அதிக ஒளி தரும் மெல்லிய நீளக் குழல்விளக்கு, அதற்கான பளபளப்பான ரிஃப்ளெக்டர் தகட்டோடு. ஆர்கேடியா நிறுவனத்தின் 6 சதவீதக் குழல் அல்லது ஸூ மெட் நிறுவனத்தின் ரெப்டிசன் 5.0, இவை இரண்டும் உங்கள் குட்டிக்குப் பொருந்தும். கூண்டின் கம்பி வலைக்கு மேல் வைத்தால், விளக்கிலிருந்து காய்கிற கிளைக்கு 20 முதல் 23 சென்டிமீட்டர் இருக்கட்டும். குறியீடு 3-ஐ ஒட்டி வரும். வலை நெருக்கமாக இருந்தால் கதிரில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ அதிலேயே போய்விடும் என்பதால் இது தோராயக் கணக்குதான். சோலார்மீட்டர் 6.5 என்ற கருவி குறியீட்டை நேரடியாகக் காட்டும். விலை இருநூறு டாலருக்கு மேல் என்பதால் எல்லோரையும் வாங்கச் சொல்ல மாட்டேன்; பச்சோந்தி வளர்க்கும் யாரிடமாவது ஒரு மாலை இரவல் வாங்கி அளந்து, கிளையைக் கட்டிவிட்டால் வேலை முடிந்தது. விளக்கு தினமும் 12 மணி நேரம் எரியட்டும், இரவில் முழு இருட்டு. டைமர் போட்டுவிடுங்கள்.

சுருள் வடிவச் சிறிய பல்புகளை நான் பரிந்துரைப்பதில்லை. அவற்றின் ஒளி ஒரு சிறு வட்டத்தில் விழுந்து சட்டென்று குறைகிறது. பச்சோந்தி போன்ற நீண்ட, மரம் ஏறும் பிராணிக்கு அது போதாது. 2007-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சந்தைக்கு வந்த சில பல்புகள் சூரிய ஒளியில் இல்லாத மிகக் குறுகிய அலைகளை வெளியிட்டு, பிராணிகளின் கண்களைப் பாதித்ததும் நடந்தது. பாதரச ஆவி பல்பு சூட்டையும் யு.வி.பி.யையும் ஒன்றாகத் தருகிறது. ஒன்றைக் குறைத்தால் மற்றதும் குறையும், குட்டிகளுக்கு ஏற்றதில்லை. பெட்டியில் 'முழு நிறமாலை' என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பி எதையும் வாங்காதீர்கள். அந்தச் சொல் யு.வி.பி. இருப்பதாக உறுதி தரவில்லை. கிருமி நீக்கும் புற ஊதா விளக்கைத் தப்பித் தவறியும் அருகில் கொண்டுவராதீர்கள். அது கண்ணைப் பொசுக்கிவிடும்.

குழல் எரிந்துகொண்டே இருக்கும், யு.வி.பி. மட்டும் மாதாமாதம் தேய்ந்துகொண்டே போகும். நம் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. வாங்கிய தேதியைக் குழலின் ஓரத்தில் பேனாவால் எழுதுங்கள், அளக்கும் கருவி இல்லையென்றால் ஓராண்டில் மாற்றிவிடுங்கள்.

இனி பால்கனி. வெப்பநிலை இருபது டிகிரி செல்சியஸைத் தாண்டிய, காற்று அடிக்காத நாளில் தாராளமாக வெளியே கொண்டுபோகலாம். நான்கு பக்கமும் வலை கொண்ட கூண்டில் மட்டும். கண்ணாடித் தொட்டியை வெயிலில் வைத்தால் உள்ளே சூடு அடைபட்டு, சில நிமிடங்களில் உயிர் போய்விடும். இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது. கூண்டின் பாதியையாவது மணி பிளான்ட், ஃபைக்கஸ் போன்ற செடிகள் மறைக்க வேண்டும். வெய்ல்டு பச்சோந்தி இலைகளையும் கடித்துத் தின்னும் என்பதால், பூச்சி மருந்து அடித்த செடிகளை வைக்காதீர்கள். வைத்தவுடன் இலைகள் மேல் தண்ணீர் தெளியுங்கள்.

டொரன்டோவின் அடுக்குமாடிகளில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. பல பால்கனிகளின் கைப்பிடிச் சுவரே கண்ணாடிப் பலகை. கூண்டைத் தரையில் வைத்தால் அந்தக் கண்ணாடி மறுபடியும் அதே வேலையைச் செய்துவிடும். ஒரு மேசையின் மேல், கண்ணாடியின் விளிம்புக்கு மேலே கூண்டின் மேல்பாதி வரும்படி வைத்து, மேசையோடு சேர்த்துக் கட்டுங்கள். தலைக்கு மேல் அடுத்த மாடியின் தளம் இருப்பதால், கோடையில் சூரியன் உச்சியில் நிற்கும்போது தெற்குப் பால்கனியில் நேரடி வெயிலே விழாது. கவலைப்படத் தேவையில்லை. யு.வி.பி. வானம் முழுவதும் சிதறி வருகிறது. திறந்த வானம் தெரியும் நிழலிலும் கணிசமாகக் கிடைக்கும்.

நேரம்? ஜூலை நண்பகலில் டொரன்டோவில் குறியீடு 8 வரை போகிறது. அதைவிடக் காலை ஒன்பதரை, பத்து மணி வெயில் போதும், குறியீடு மூன்றை ஒட்டி இருக்கும், கான்கிரீட்டும் சூடேறியிருக்காது. வெளியே நின்று உங்கள் நிழலைப் பாருங்கள்: நிழல் உங்களைவிட நீளமாக இருந்தால் யு.வி.பி. குறைவு, குட்டையாக இருந்தால் தாராளம். இருபது முப்பது நிமிடத்தில் தொடங்கி, அதன் நடத்தையைப் பார்த்துக் கூட்டிக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே இருங்கள். காகம், பருந்து, பூனை, ரக்கூன், குளவி எல்லாம் அந்த நகரத்தில் உண்டு. வலை உறுதியாக இல்லாவிட்டால், ஒரு பச்சோந்தி மேல்மாடியின் தூணில் ஏறிவிட அதிக நேரம் எடுக்காது.

கால்சியம் பொடியை நிறுத்தக் கூடாது. வெயிலும் விளக்கும் கால்சியத்தைத் தருவதில்லை, உள்ளே போன கால்சியத்தை உடல் எடுத்துக்கொள்ள மட்டுமே உதவுகின்றன. டி3 சேராத வெறும் கால்சியம் பொடியை வளரும் குட்டிக்கு ஒவ்வொரு வேளைத் தீனியிலும் மெல்லியதாகத் தூவுங்கள். டி3-உம் மற்ற வைட்டமின்களும் சேர்ந்த பொடி வேறு. அதை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை தந்தால் போதும். வாரத்தில் பல நாள் வெயில் காட்டும் கோடை மாதங்களில் அதை இன்னும் குறைக்கலாம். தோலில் உருவாகும் டி3 அளவு மீறினால், அதே ஒளி மிகையானதைச் செயலற்ற பொருள்களாக மாற்றிவிடுகிறது. எனவே வெயிலால் டி3 மிகைப்பட்டு நஞ்சாவதில்லை. வாய்வழி தரும் டி3-க்கு அந்தக் காப்பு இல்லை. அது மிகுந்தால் கால்சியம் சிறுநீரகத்திலும் ரத்தக் குழாய்களிலும் படிந்துவிடும். "விளக்கு வாங்கவில்லை, அதற்குப் பதிலாக டி3 பொடியை நிறையப் போடுகிறேன்" என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது. ஜாக்சன் பச்சோந்தி போன்ற கிழக்கு ஆப்பிரிக்க மலை இனங்களுக்குப் பொடியின் அளவு இன்னும் குறைவு; இந்த எண்களை அவற்றுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

விளக்கு இல்லாமல் குட்டி இருந்ததால், இன்று மாலை அதைக் கூர்ந்து பாருங்கள். முன்னங்கை எலும்பு நேராக இருக்கிறதா, வளைந்து இரண்டாவது மூட்டு போலத் தெரிகிறதா? நடக்கும்போது உடம்பைக் கிளையிலிருந்து தூக்கி நடக்கிறதா, வயிற்றை இழுத்துக்கொண்டு போகிறதா? பிடி தளர்ந்து, பாதத்துக்குப் பதிலாக முழங்கையால் கிளையை அணைக்கிறதா? நாக்கு பூச்சியை எட்டாமல் பாதியில் விழுகிறதா? தாடை மெத்தென்று இருக்கிறதா, கால் விரல்கள் துடிக்கின்றனவா? இவற்றில் ஒன்று இருந்தாலும் ஊர்வனவற்றுக்கு மருத்துவம் பார்க்கும் மருத்துவரிடம் உடனே கொண்டுபோங்கள். எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் எடுத்து, மருந்தாகக் கால்சியம் தருவார்கள். வளைந்த எலும்பு மறுபடி நேராவதில்லை, ஆனால் நோயை அங்கேயே நிறுத்திவிடலாம். அப்படி நிறுத்திய பிறகு பல ஆண்டுகள் நன்றாக வாழும் பச்சோந்திகள் உண்டு. கையில் எடுக்கும்போது உடம்பை இழுக்காதீர்கள், தானாக ஏறி வரவிடுங்கள். மெலிந்த எலும்பு எளிதில் முறியும்.

அப்பாவிடம் பேசும்போது இதையும் சொல்லுங்கள். தமிழ்நாட்டுத் தோட்டத்தில் காணும் பச்சோந்தி இந்தியப் பச்சோந்தி என்ற வேறு இனம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைக் காக்கிறது; பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். அதற்கு விளக்கு தேவையில்லாமல் இருப்பதன் காரணம், காலை எத்தனை மணிக்கு எந்தக் கிளையில் நிற்பது என்பதை அதுவே தீர்மானிப்பதுதான். உங்கள் வீட்டுக் குட்டிக்கு அந்த உரிமையைக் கூண்டுக்குள் நீங்கள்தான் ஏற்படுத்தித் தர வேண்டும்.

கடைசிக் கேள்வி, வெயில் காட்டிய நாளில் விளக்கை அணைக்கலாமா என்பது. அணைக்க வேண்டாம். வெளியே இருந்து வந்த குட்டி வழக்கமான கிளையைத் தேடிப் போகும். அங்கே வழக்கமான ஒளி இருக்கட்டும். போதும் என்று தோன்றினால் அதுவே இலைக்குள் இறங்கிவிடும். ஜன்னலோரக் கூண்டை மட்டும் சற்றுத் தள்ளி வையுங்கள்: கண்ணாடி வழியாக வரும் கோடைச் சூடும் வெப்ப பல்பின் சூடும் சேர்ந்தால், காய்கிற கிளையில் குட்டிக்கு ஏற்ற 27 முதல் 29 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். அந்தக் கிளையில் இன்றே ஒரு வெப்பமானியைக் கட்டிவிடுங்கள்.